குழந்தைக்குப் படம் எடுக்கும்போது

டி.எஸ். சத்யன் மைசூருவில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1923. பத்திரிகைகளுக்குப் புகைப்படம் எடுப்பது அவருடைய தொழில். குழந்தைகளைப் படம் எடுப்பதில் அவருக்குத் தனி ஆசை. 1977-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1979-ஆம் ஆண்டு, உலகக் குழந்தைகள் ஆண்டு. அந்த ஆண்டு நியூயார்க் நகரில், ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்தில், அவர் எடுத்த குழந்தைகளின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். 2009-இல் அவர் மைசூருவிலேயே காலமானார்.

சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையை இருக்கிறபடியே படம் பிடித்தவர் என்று அவருக்குப் பெயர். குழந்தையைப் படம் எடுக்கிற எவருக்கும் இந்த வழி நல்ல வழி. பிறந்து பத்து நாள் ஆன குழந்தைக்கோ இது உயிரைக் காக்கும் வழி.

முன்பெல்லாம் பச்சைக் குழந்தையை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போகமாட்டார்கள். கழுத்து நிற்கவேண்டும். குழந்தை குப்புற விழவேண்டும். அதற்குப் பிறகுதான் படம். பல வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய படங்களைப் பாருங்கள். குழந்தை குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருக்கும். இப்போது காலம் மாறிவிட்டது. மைசூரு போன்ற ஊர்களில் பிறந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே படம் எடுக்கிறார்கள். அந்த நாட்களில் குழந்தை நன்றாகத் தூங்கும். சுருண்டு படுக்கும். அதனால் வளைத்து வைப்பது சுலபம் என்று நினைக்கிறார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பேரன் பிறந்து பத்து நாள். தாய், தகப்பன், பாட்டி மூவரும் ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள். தகப்பன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். அதில் ஒரு குழந்தை முழங்கைகளை ஊன்றி, உள்ளங்கைகளில் கன்னத்தைத் தாங்கி, தவளை போல உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணா, இதே மாதிரி எடுக்கணும்" என்கிறார் தகப்பன்.

"ஏம்ப்பா, கழுத்தே நிக்காத பிள்ளை. அது எப்படித் தலையைத் தூக்கும்?" என்று கேட்கிறார் பாட்டி.

"பாட்டி கேக்கறது சரிதான் சார்" என்கிறார் படக்காரர். "இது ஒரு படம் இல்லை. ரெண்டு படம். முதல்ல ஒருத்தர் குழந்தையோட தலையைப் பிடிச்சுக்குவாங்க. ஒரு படம் எடுப்பாங்க. அடுத்து கையைப் பிடிச்சுக்குவாங்க. இன்னொரு படம் எடுப்பாங்க. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணாச் சேர்த்து, பிடிச்சிருந்த கையை அழிச்சுடுவாங்க. குழந்தை ஒரு நொடிகூடத் தனியா அப்படி இருக்கறதில்லை."

"அப்ப நீங்க எடுப்பீங்களா?"

"இல்லை சார். அதுக்குத் தனியாப் பழகணும். மல்லாக்கப் படுக்க வெச்சே அழகா எடுத்துத் தரேன்."

இப்படிச் சொல்கிற படக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடக்கூடாது. மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தை தொங்குவது போன்ற படங்களும் இப்படித்தான். பழகியவர்கள் குழந்தையைத் தரையில் மெத்தையில் வைத்துத்தான் எடுப்பார்கள். கிளையும் வானமும் பிறகு வந்து சேரும். இது தெரியாமல் வீட்டில் செய்து பார்ப்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பச்சைக் குழந்தையின் தலை கனமானது. கழுத்துக்கு வலு இல்லை. தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் ஒட்டினால் மூச்சுக்குழாய் மடங்கிப்போகும். குழந்தையால் தலையை நிமிர்த்த முடியாது. அழக்கூட முடியாமல் போகலாம். தூங்குகிறது என்று பெரியவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள். அதனால் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே எப்போதும் இடைவெளி வேண்டும். மூக்கும் வாயும் துணியில் புதையக்கூடாது. கூடையில் வைத்தாலும் மெத்தையில் வைத்தாலும், கை எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கவேண்டும். அவருடைய பார்வை குழந்தை மேலேயே இருக்கவேண்டும். கைபேசி மேல் இருக்கக்கூடாது. கண்ணாடி ஜாடி, வாளி, உயரமான மேசை இவை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது குளிர். மைசூரு கடல்மட்டத்துக்குச் சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதக் காலையில் பெரியவர்களே சால்வை தேடுவார்கள். பச்சைக் குழந்தையின் உடம்புச் சூடு வெகு சீக்கிரம் இறங்கிவிடும். பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி வரை சூடாக இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். படத்துக்காகத் துணியைக் கழற்றினால் அந்த அறைக்கும் அதே அளவு சூடு வேண்டும். படக்காரருக்கு வியர்க்கத்தான் செய்யும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஹீட்டரைத் தள்ளி வைக்கவேண்டும். அதன் காற்று நேராகக் குழந்தை மேல் படக்கூடாது. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டவே கூடாது. கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு வாசனை கிடையாது. சாம்பிராணிப் புகையும் அங்கே வேண்டாம்.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று எப்படித் தெரியும்? வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். பிறகு பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்று இருந்தால் குளிர ஆரம்பித்துவிட்டது. உடனே படத்தை நிறுத்தவேண்டும். குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் ஒட்டும்படி அணைத்து, மேலே போர்த்த வேண்டும். அந்தக் கோலத்திலேயே ஒரு படம் எடுத்தால் அதைவிட நல்ல படம் கிடைக்காது.

தொடுகிற எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றவேண்டும். சளி, இருமல் உள்ளவர் வெளியே இருக்கட்டும், அவர் தாய்மாமனே ஆனாலும். ஜன்னல் வெளிச்சமே படத்துக்குப் போதும். விளக்குக் கம்பம் வைத்தால் அதன் காலில் மணல் மூட்டை வைக்கச் சொல்லுங்கள். ஊக்கு, பாசிமணி, இறுக்கமான தலைப்பட்டை கூடாது. கண்ணுக்கு மை தீட்டுவது நம் வழக்கம். கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் இருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். முகப் பவுடர் மூச்சில் போகும். தொப்புள்கொடி உலர்ந்து விழும்வரை அங்கே துணியோ பட்டையோ உரசக்கூடாது.

பசித்தால் நடுவிலேயே பால் கொடுக்கவேண்டும். அதற்கு மறைவான இடம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று யார் கேட்டாலும், "போதும்" என்று தாய் சொன்னால் போதும்தான். பணம் கொடுத்துவிட்டோமே என்று தயங்கவேண்டியதில்லை.

மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் படத்துக்கு நாள் குறிக்கக்கூடாது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையைப் பார்க்க ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அரசின் திட்டம். அவரிடமும் கேட்கலாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாக இருந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, கொதித்தாலோ காத்திருக்கக்கூடாது. 108-ஐ அழைக்கவேண்டும். மைசூருவில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் என்றே செலுவாம்பா அரசு மருத்துவமனை இருக்கிறது.