கடல் கடந்து வந்த நடுக்கள வீரர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

விளையாட்டு என்றால் அது உடற்பயிற்சி ஆசிரியரின் பொறுப்பு. வரலாறு என்றால் அது வகுப்பறைக்குள் படிக்க வேண்டிய பாடம். இவ்வாறு இரண்டையும் தனித்தனியே பிரித்து வைத்துப் பழகிவிட்டோம். ஆனால் ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையை ஊன்றிப் படித்தால், அதனுள் குடியுரிமைச் சட்டமும், இரு நாடுகளின் ஏற்றத்தாழ்வும், மனிதனுக்குச் சொந்த நாடு எது என்னும் பழைய வினாவும் அடங்கியிருக்கக் காணலாம். ஜப்பானில் பிறந்து, இந்தியாவிற்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, இந்திய அணியின் சட்டையை அணிந்து ஆடிய அராட்டா இசுமி என்பாரின் வரலாறு அத்தகையது. மாணவத் தோழர்களின் சிந்தனைக்காக அதனை ஈண்டு எழுதுகிறேன்.

நடுக்களம் என்பது யாது?

கால்பந்தில் கோல் அடிப்பவரின் பெயரை ஊர் அறியும். கோலைக் காப்பவரின் பெயரையும் ஓரளவு அறியும். இவ்விருவருக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் நடுக்கள ஆட்டக்காரரைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் ஆட்டத்தின் போக்கு பெரும்பாலும் அவர் கையில், இல்லை, அவர் காலில்தான் இருக்கிறது.

நம் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி செய்யும் வேலையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எந்த வயலுக்கு எப்போது மடை திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்று பார்த்துத் தண்ணீரைத் திருப்பிவிடுபவர் அவர். விளைச்சல் அவருடையதன்று, ஆனால் அவர் தவறினால் விளைச்சலே இல்லை. நடுக்கள ஆட்டக்காரரும் அவ்வாறே பின்வரிசையிலிருந்து பந்தைப் பெறுகிறார். எதிரணி நெருங்குமுன் யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்கிறார். பந்து பறிபோனால் திரும்பி ஓடி வந்து தற்காப்பிலும் சேர்ந்துகொள்கிறார். இசுமி, முன்வரிசைக்குச் சற்றுப் பின்னாலும் பக்கவாட்டிலும் நின்று தாக்குதலை அமைத்துத் தரும் வகையைச் சேர்ந்தவர். வாய்ப்புக் கிடைத்தால் தாமே கோல் அடிக்கவும் வல்லவர்.

பிறப்பும் வருகையும்

இசுமி 1982-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் ஜப்பானில் சிமோனொசெகி என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை குஜராத்தி, தாய் ஜப்பானியர். இசுமி என்ற சொல்லுக்கு ஊற்று என்றும், அராட்டா என்ற சொல்லுக்குப் புதியது என்றும் அம்மொழியில் பொருள். நீலகண்ட கம்போல்ஜா என்ற இந்தியப் பெயரும் அவருக்கு உண்டு.

சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் சிறிது காலம் ஆடிய பின்னர், 2006-இல் கொல்கத்தாவின் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் குழுவில் சேர இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு பம்பாயின் மகிந்திரா யுனைடெட் குழுவிற்கு மாறினார். 2009-இல் புனே எஃப்.சி. குழுவில் சேர்ந்து, ஐந்து ஆண்டுகள் அங்கேயே நிலைத்து ஆடினார். அக்குழு 2012–13-ஆம் ஆண்டு ஐ-லீக் போட்டியில் சர்ச்சில் பிரதர்ஸ் குழுவிற்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றது.

இரண்டு கடவுச்சீட்டுகள் இல்லை

இனி இவ்வரலாற்றின் மையத்திற்கு வருவோம். தந்தை வழியில் இந்திய இரத்தம் இருந்தும் இசுமி இந்தியாவிற்காக ஆட முடியவில்லை. காரணம், சட்டம். நமது அரசியலமைப்பின் 9-ஆவது உறுப்பும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருவதில்லை. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் அட்டை, வந்து தங்கவும் தொழில் செய்யவும் உதவுமேயன்றி, வாக்குரிமை தராது. முழுக் குடியுரிமையும் ஆகாது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களே நாட்டின் சார்பில் விளையாடலாம் என்று 2008-ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அரசு முடிவு செய்தது. ஜப்பானியச் சட்டமும் தன் குடிமகன் விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால் தன் குடியுரிமையை நீக்கிவிடுகிறது.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே தீர வேண்டும். அந்நாளில் இரு நாடுகளின் கால்பந்து நிலை எப்படி இருந்தது? 2011-இல் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் ஜப்பான் வாகை சூடியது. அதே போட்டியில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது. இந்நிலையில் 2012-இல் இசுமி ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடிமகனானார். 2013 பிப்ரவரி 6-ஆம் நாள் கொச்சியில் பாலஸ்தீனத்திற்கு எதிராக இந்திய அணியில் முதன்முறையாக ஆடினார். ஜப்பானில் பிறந்த ஒருவர் இந்தியாவிற்காகக் களம் இறங்கியது அதுவே முதல் முறை. அந்த ஆட்டத்தில் இந்தியா 2-க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. அவருக்கு அப்போது வயது 30. கால்பந்தில் பலர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயது அது. பன்னாட்டு ஆட்டங்கள் அவருக்குச் சிலவே கிடைத்தன.

ஜப்பான் நமக்குக் கற்பிப்பது

ஜப்பான் என்றுமே நம்மைவிட உயர்ந்திருந்தது என்று எவரும் எண்ண வேண்டா. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஜப்பானை 2–0 என்று வென்று, இறுதியில் தென் கொரியாவையும் வீழ்த்தித் தங்கப் பதக்கம் பெற்றது. அடுத்த ஆறே ஆண்டுகளில், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் பெற்றது. அதற்கு முன்பே ஜெர்மானியரான டெட்மார் கிராமரை அழைத்துப் பயிற்சி பெற்றிருந்தனர். 1993-இல் முறையான தொழில்முறை லீக்கைத் தொடங்கினர்.

அது மட்டுமன்று. பிரேசிலில் பிறந்த ரூய் ராமோஸ் என்னும் நடுக்கள ஆட்டக்காரர் 1989-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். 1992-இல் ஜப்பான் முதன்முறையாக ஆசியக் கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார். வெளியிலிருந்து வந்தவரை ஏற்றதால் ஜப்பானின் பெருமை குறையவில்லை. ஆயினும் ராமோஸ் ஒருவரால் ஜப்பான் உயர்ந்துவிட்டது என்பதும் சரியன்று. பள்ளிகளில் ஆட்டம் வளர்ந்தது. குழுக்கள் நிலைத்து நின்றன. அதன்மேல்தான் ராமோஸின் திறமை பயன்பட்டது.

நம் நாட்டிலோ, இசுமி ஆடிய குழுக்களின் கதியைப் பாருங்கள். மகிந்திரா யுனைடெட் 2010-இல் கலைக்கப்பட்டது. புனே எஃப்.சி. 2015-இல் மறைந்தது. அவர் 2015-இல் ஆடிய கொல்கத்தா அணி 2020-இல் மோகன் பாகனுடன் இணைந்து தன் தனி இருப்பை இழந்தது. 2016-இல் ஆடிய புனே சிட்டி 2019-இல் முடிந்தது. ஈஸ்ட் பெங்காலும், அவர் 2017–18-இல் ஆடிய கேரளா பிளாஸ்டர்ஸும் எஞ்சின. அவர் நாட்டை மாற்றிக்கொண்டு நிலைத்து நின்றார். அவர் நம்பி வந்த குழுக்கள் நிற்கவில்லை. இதுவே இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி.

நம் ஊரும் இவ்வினாவும்

ஜப்பானியர் ஒருவரின் கதை வடமதுரைக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். எங்கள் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு ஒரிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் பலர் வந்துள்ளனர். மாலை நேரத்தில் எங்கள் பொட்டல் திடலில் அவர்களுடைய பிள்ளைகளும் எங்களுடன் பந்தாடுவார்கள். அவர்களுள் ஒருவன் நடுக்களத்தில் நின்றால் எங்கள் அணிக்கு வெற்றி உறுதி. தமிழும் நன்றாகப் பேசுவான். “அண்ணே, இந்தப் பக்கம் விடுங்க” என்று அவன் கத்தும் குரலில் திண்டுக்கல் மண்ணின் வாடை இருக்கும். சென்ற ஆண்டு அருகிலுள்ள ஊரில் நடந்த ஒரு போட்டியில், “உள்ளூர்ப் பையன் அல்ல” என்று கூறி அவனை ஆட விடவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. கோட்டிற்கு வெளியே அமர்ந்து எங்கள் செருப்புகளைக் காவல் காத்தான்.

அவன் இந்தியக் குடிமகன். எந்தச் சட்டமும் அவனைத் தடுக்கவில்லை. தடுத்தது நம் மனத்தில் உள்ள கோடு. அன்று முதல் இசுமியின் வரலாறு எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. நம் ஊரிலிருந்தும் எத்தனையோ பேர் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போகிறார்கள். அங்கே அவர்களை “வெளியூர்க்காரன்” என்று சொன்னால் நமக்கு வலிக்காதா?

எதிர்வாதமும் விடையும்

வெளியிலிருந்து வருபவருக்கு இடம் கொடுத்தால் நம் இளைஞர்களின் வாய்ப்புப் பறிபோகும் என்பது ஒரு வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. கடலூரில் பிறந்து இந்திய மகளிர் அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசனும், குமரி மாவட்டத்தில் பிறந்து இந்திய அணி வரை சென்ற மைக்கேல் சூசைராஜும் நம் மண்ணிலேயே திறமை உண்டு என்பதற்குச் சான்று. ஆனால் அவர்களைப் போன்றோர் மேலும் உருவாகாததற்குக் காரணம் இசுமி போன்ற ஒருவர் அல்லர். திடலும், பயிற்சியும், நிலையான குழுவும் இல்லாமையே காரணம். விளையாடுவதை நிறுத்திய பின்னர் இசுமி இந்தியாவிலேயே தங்கி இளம் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளராகப் பணி செய்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பறித்தவர் திரும்பிக் கொடுப்பதில்லை, இவர் கொடுத்தார்.

முடிவுரை

இசுமிக்குப் பின் அதே வழியில் மற்றொருவர் வர நெடுங்காலம் ஆயிற்று. 2025-இல் ஆஸ்திரேலியாவின் ரயான் வில்லியம்ஸ் தம் நாட்டுக் குடியுரிமையைத் துறந்து இந்தியரானார். இரட்டைக் குடியுரிமை வேண்டுமா, வேண்டாவா என்பது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது. நாம் முடிவு செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிறப்பு நாம் தெரிந்தெடுப்பதன்று. உழைப்பு நாம் தெரிந்தெடுப்பது. ஓர் ஊருக்காக வியர்வை சிந்துபவனை அவ்வூரான் என்று ஏற்பதே முறை. வரும் ஆண்டில் எங்கள் ஊர் அணி எந்தப் போட்டிக்குச் சென்றாலும், அந்த ஒரிசாப் பையனின் பெயரைப் பட்டியலின் முதலில் எழுதுவது என்று நண்பர்கள் அனைவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.