கோப்பித்தூள் மாப்போல இருந்தால்தான் திறமா?

மாமாங்கேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள அமிர்தகழி வீடுகளில் கோப்பி என்றால், கறுக்க வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து, உரலில் இடித்து அரித்த தூள்தான். மாப்போல இருந்தால்தான் திறம் என்ற எண்ணமும் அந்த அரிதட்டிலிருந்தே வந்தது. கோப்பைக்குள் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றிக் கலக்கி, மண்டி அடியில் படிந்ததும் குடிக்கும் நம் முறைக்கு அது சரியே. அதே தூளைக் கடதாசி வடியில் போட்டால் தண்ணீர் இறங்காமல் தேங்கும், கோப்பி கசந்துபோகும். எவ்வளவு நுண்மை வேண்டும் என்பதை ஊற்றும் முறைதான் தீர்மானிக்கிறது.

மிக்சியில் அடித்தாலும் அதேதான் என்பார்கள். இதை நான் முற்றாக மறுக்கிறேன். மிக்சியின் கத்தி கொட்டையை அகப்பட்ட இடத்தில் வெட்டும். பாதி தூசியாகும், பாதி நொய்யாகவே கிடக்கும். ஒரே கோப்பையில் தூசி தன் கசப்பையெல்லாம் இறக்கிவிட, நொய்யோ சாறு முழுதும் விடாமல் புளிப்போடு நிற்கும். இன்னும் கொஞ்சம் அடித்தால் தூசிதான் கூடும். பல்தட்டு இரண்டு வைத்த அரைப்பான் அப்படியல்ல. தட்டுகளுக்கிடையே நாம் வைத்த இடைவெளியில் நுழையும் அளவுக்கு நொறுங்கும்வரை கொட்டை வெளியே போக முடியாது. நம் திருகையின் வேலையும் இதுதான். அதிலும் சிறிது தூசி விழும், ஆனால் மிக்சியோடு ஒப்பிடவே முடியாது.

கையால் சுற்றினால் சூடேறாது, அதனால்தான் வாசம் என்பது இன்னொரு நம்பிக்கை. வீட்டுக்கு அரைக்கும் நாலு கரண்டிக்கு ஏறும் சூடு சொற்பம். வாசம் போவது அரைத்த பிறகு, காற்றுப்பட்டு. கொட்டை வாரக்கணக்கில் தாங்கும். தூள் சில நாளில் சோர்ந்துவிடும். குடிக்கும்போது அரையுங்கள்.

தூள் பறந்து ஒட்டினால் பொறி பழுதென்று நினைக்க வேண்டாம். உராய்வில் பிறக்கும் மின்னேற்றம் அது. கறுக்க வறுத்த, ஈரம் குறைந்த கொட்டையில் அது கூடுதல் என்றும், அரைக்குமுன் சிறிது தண்ணீர் சேர்த்தால் குறையும் என்றும் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். நனைத்த கரண்டிக் காம்பால் கொட்டையை ஒருமுறை கிளறினால் போதும்.

பச்சரிசி போட்டு ஓட்டினால் பல் சுத்தமாகும் என்பதையும் விடுங்கள். கடினமான அரிசி மோட்டாரை வருத்தும், அதன் மாவும் இடுக்கில் படியும். தூரிகையே போதும்.

வாங்கும்போது மோட்டாரின் வலுவைவிட அச்சைக் கவனியுங்கள். அச்சு ஆடினால் இடைவெளி ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும்; பல் எவ்வளவு கூராக இருந்தாலும் தூள் ஒரே அளவில் விழாது.