வாடகை பாக்கியில் மூண்ட போர்: வணிகர் சங்கங்களுக்கு ஒரு பாடம்



சங்கம் எதற்கு, சந்தா எதற்கு, கடையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்கும் உறுப்பினர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல, இம்முறை ஒரு புதுமையான இடத்திலிருந்து உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். அது கம்ப்யூட்டரில் விளையாடும் விண்வெளிப் போர் விளையாட்டு. அரிசி, பருப்பு விற்கிறவனுக்கு அது எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். என் பேரன் சொல்லக் கேட்டு விசாரித்துப் பார்த்ததில், அந்த விளையாட்டின் உயிர்நாடியே வியாபாரம்தான் என்று தெரிந்தது. அதிலுள்ள கூட்டணிகள் எழுந்த விதமும் விழுந்த விதமும் நம் சங்கங்களுக்கு அப்படியே பொருந்துகின்றன.

விளையாட்டின் அமைப்பு

அதன் பெயர் 'ஈவ் ஆன்லைன்'. ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரான ரெய்க்யவிக்கில் உள்ள சி.சி.பி. என்ற நிறுவனம் 2003 மே மாதம் இதை வெளியிட்டது. பல நாட்டு மக்கள் இன்டர்நெட் வழியாக ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாடுகிறார்கள். அந்த உலகத்தில் ஏழாயிரத்துக்கும் அதிகமான நட்சத்திர மண்டலங்கள் உண்டு. கனிமம் வெட்டுபவர், கப்பல் கட்டுபவர், சரக்கு ஏற்றிச் செல்பவர், மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்பவர் என்று எல்லா வேலைகளையும் விளையாடுகிறவர்களே செய்கிறார்கள். விலை பெரும்பாலும் வரத்தையும் தேவையையும் பொறுத்து ஏறி இறங்குகிறது. ஜிட்டா என்ற மண்டலம் அவர்களுக்கு நம் விருதுநகர் மார்க்கெட் மாதிரி. இந்த வியாபாரத்தைக் கவனிப்பதற்கென்றே அந்த நிறுவனம் 2007-ல் ஒரு பொருளாதார நிபுணரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது.

சண்டையில் அழிந்த கப்பல் அழிந்ததுதான், திரும்ப வராது. இன்சூரன்ஸ் நஷ்டத்தில் ஒரு பகுதியைத்தான் ஈடு செய்யும். ஆகவே புதிதாக வருகிறவனுக்கு அங்கே சொல்லும் முதல் பாடம் இது: இழந்தால் தாங்க முடியாத கப்பலை ஓட்டிக்கொண்டு போகாதே.

படை நடத்தும் முறை

பத்துப் பதினைந்து பேரில் தொடங்கிச் சிலர் சேர்ந்து ஒரு கம்பெனி அமைக்கிறார்கள். பல கம்பெனிகள் சேர்ந்தது ஒரு கூட்டணி. சில கூட்டணிகளில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் இருப்பார்கள். இவர்கள் மண்டலங்களைப் பிடித்துத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ள, மற்றக் கூட்டணிகளோடு போரிடுகிறார்கள்.

ஒரு படையில் அதிகபட்சம் 256 பேர் சேரலாம். அதற்குத் தளபதி ஒருவர். சண்டை நடக்கும்போது அவர் குரல் மட்டுமே கேட்க வேண்டும். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எதிரியின் கப்பல் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பார். அத்தனை பேரும் அந்த ஒன்றையே சுட வேண்டும். ஆளுக்கொரு கப்பலைச் சுட்டால் எதுவும் விழாது. எல்லோரும் ஒரே வகைக் கப்பலை, ஒரே மாதிரி ஆயுதத்தோடு கொண்டுவர வேண்டும் என்பதும் விதி. வேகமும் தூரமும் ஒத்துப்போகாவிட்டால் படை சிதறிவிடும். சுடாமலே சிலர் உடன் வருவார்கள். அடிபட்ட தோழனின் கப்பலைப் பழுது பார்ப்பதே அவர்கள் வேலை. அவர்கள் இல்லாத படை நீண்ட நேரம் நிற்காது.

இதை நம் தொழிலில் வைத்துப் பாருங்கள். மொத்த வியாபாரியான நானே சொல்கிறேன்: பத்து மளிகைக் கடைக்காரர்கள் தனித்தனியே ஐந்து மூட்டை துவரம்பருப்பு கேட்டால் என் விலை ஒன்று, பத்துப் பேரும் சேர்ந்து ஒரே ரகமாக ஒரு லோடு கேட்டால் என் விலை வேறு. ஒருவர் முதல் ரகம், இன்னொருவர் உடைப்பு, மூன்றாமவர் அடுத்த வாரம் என்று பேசினால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். இதனால் எனக்கு லாபம் குறையும் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். சில்லறைக் கடைகள் மூடிவிட்டால் நான் யாருக்கு விற்பேன்?

பொது நிதி

கூட்டணிகள் உறுப்பினர் வருமானத்தில் ஒரு பகுதியை வரியாக எடுத்துக்கொள்கின்றன. அந்த நிதியிலிருந்து, தளபதி சொன்னபடி சண்டையிட்டுக் கப்பலை இழந்தவருக்கு ஈடு தரப்படுகிறது. தன்னிச்சையாகப் போய் இழந்தவருக்குக் கிடையாது. அடுத்த நாளும் உறுப்பினர் சண்டைக்கு வருவதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியமான காரணம்.

இது நமக்குப் புதிதல்ல. நம் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வணிகக் குழுவினர் கூடி, தாங்கள் கையாளும் ஒவ்வொரு சரக்கின் மீதும் ஒரு சிறு தொகையைப் பொதுவில் விதித்துக் கோயிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டதை அது சொல்கிறது. மகமை என்று நாம் அறிந்த வழக்கம் அது.

மூன்று வீழ்ச்சிகள்

இத்தனை கட்டுப்பாடு உள்ள கூட்டணிகள் எப்படி விழுந்தன என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம்.

முதலாவது 2014 ஜனவரி 27. பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலம் ஒரு கூட்டணியின் பெயரில் இருந்தது. அவர்களும் நேச அணியினரும் தங்கள் கப்பல்களையும் தளவாடங்களையும் அங்கே குவித்து வைத்திருந்தனர். மண்டலத்தைத் தக்கவைக்கத் தவணைதோறும் வாடகை மாதிரி ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. அந்தத் தவணை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. உரிமை விழுந்தது. எதிரணி உடனே உள்ளே புகுந்தது. சுமார் 21 மணி நேரம் நடந்த போரில் மொத்தம் 7,548 பேர் பங்கெடுத்தனர். பல வாரம் பாடுபட்டுக் கட்டப்படும் 'டைட்டன்' என்ற மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. அதில் 59 வாடகை தவறிய அணியுடையவை. இழப்பு விளையாட்டுப் பணத்தில் சுமார் 11 லட்சம் கோடி. நிஜப் பணம் கொடுத்து விளையாட்டுப் பணம் பெற வழி இருப்பதால் அதை வைத்துக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர் ஆயிற்று. இத்தனைக்கும் தொடக்கம் ஒரு சிறிய பாக்கி.

இரண்டாவது 2009 பிப்ரவரி. 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' என்பது அப்போது அசைக்க முடியாதது என்று பெயர் வாங்கிய கூட்டணி. அதன் இயக்குநர்களில் ஒருவர் எதிரணியான 'கூன்ஸ்வார்ம்' பக்கம் சேர்ந்துகொண்டார். கூட்டணியையே கலைக்கும் அதிகாரம் அவர் ஒருவர் கையெழுத்தில் இருந்தது, கலைத்துவிட்டார். பழைய பெயரில் திரும்பச் சேர முடியாதபடி, அந்தப் பெயரையும் எதிரணி பதிவு செய்துகொண்டது. பீரங்கியால் முடியாததை ஒரு சாவி முடித்தது.

மூன்றாவதும் அதே ஆண்டு. விளையாட்டுக்குள்ளேயே 'ஈபேங்க்' என்ற பெயரில் சிலர் ஒரு வங்கி நடத்தினார்கள். அதை நிர்வகித்த ஆஸ்திரேலியர் ஒருவர், டெபாசிட் பணத்தில் சுமார் 20,000 கோடி விளையாட்டுப் பணத்தை எடுத்து, விதிக்குப் புறம்பாக வெளியில் நிஜப் பணத்துக்கு விற்றார். சொந்த வீட்டுக்கு முன்பணமும் மகனின் வைத்தியச் செலவும் காரணம் என்று அவரே சொன்னார். செய்தி பரவியதும் பணம் போட்டவர்கள் அலறியடித்துத் திரும்பக் கேட்டார்கள். வங்கியால் எழுந்திருக்க முடியவில்லை. நல்ல மனிதருக்கும் கஷ்டம் வரும். கஷ்ட காலத்தில் தனியாக ஒரு பெட்டியடியில் உட்கார வைப்பது அவருக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.

நம்மவர் கண்ட வழி

இந்த ஓட்டைகளை அடைக்கும் வழி நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கச் சென்ற நகரத்தார் கடைகளில் ஏஜெண்டுக்கு மூன்றாண்டுக் கணக்கு. காலம் முடிந்ததும் அடுத்தவர் வந்து பேரேட்டைப் பார்த்துப் பொறுப்பேற்பார். சாவி ஒரே கையில் தங்கவில்லை. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில், தமிழ் மாதம் 16-ஆம் தேதி எல்லோரும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். போட்டிக் கடைக்காரர்களானாலும் அன்று ஒரே குரல்.

ஆயினும் அவர்களுக்கும் இழப்பு வந்தது. 1930-களின் விலை வீழ்ச்சியில் கடன் வாங்கியவர்கள் பணம் கட்ட முடியாமல் போக, ஈடாக வைத்த நிலங்கள் இவர்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் வசம். முதல் எல்லாம் ஒரே நாட்டு மண்ணில் சிக்கியது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தது; பிறகு நில நாட்டுடைமைச் சட்டங்கள் வந்தன. எங்கள் கண்டனூரில் தேக்குத் தூண்களோடு பூட்டிக் கிடக்கும் வீடுகள், இழந்தால் தாங்க முடியாத கப்பலை ஓட்டாதே என்ற அந்த முதல் பாடத்தையே சொல்கின்றன.

சங்கக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்க

1. சங்கக் கட்டட வாடகை, தீ இன்சூரன்ஸ், பதிவுப் புதுப்பிப்பு ஆகியவற்றின் கடைசித் தேதிகள் பலகையில் எழுதப்பட்டுள்ளனவா? ஒருவர் கட்டினால், கட்டியாயிற்றா என்று பார்க்க இன்னொருவர் இருக்கிறாரா?

2. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து உண்டா? பொருளாளர் பொறுப்புக்குக் கால வரம்பு உண்டா?

3. வரவு செலவு மாதந்தோறும் உறுப்பினர் பார்வைக்கு வைக்கப்படுகிறதா?

4. தீயிலோ வெள்ளத்திலோ கடை இழந்த உறுப்பினருக்குக் கொடுக்க, தனியாக ஒரு நிதி இருக்கிறதா? யாருக்கு, எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறதா?

5. வருகிற பண்டிகைக்கு ஒரே ஒரு சரக்கை, ஒரே ரகமாகச் சேர்ந்து வாங்கிப் பார்க்க எத்தனை பேர் தயார்?

இந்த ஐந்துக்கும் 'ஆம்' என்று பதில் சொல்லும் சங்கத்தை வெளியிலிருந்து எந்தப் பெரிய கம்பெனியும் எளிதில் அசைக்க முடியாது. 'இல்லை' என்று வருகிற கேள்வியிலிருந்து இந்த மாதமே வேலையைத் தொடங்குவோம்.