தீ அணைந்த பிறகு நுரை எங்கே போகிறது?

எரிதல் பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் தீ முக்கோணத்தை வரைகிறோம். எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகிய மூன்றில் ஒன்றை நீக்கினால் தீ அணையும் என்று சொல்லி, பள்ளிச் சுவரில் தொங்கும் சிவப்பு நிறத் தீயணைப்பானைச் சுட்டிக்காட்டுகிறோம். பெரும்பாலும் பாடம் அத்துடன் முடிந்துவிடும். ஆனால் உலகின் பல நாடுகளில் தீயணைப்புத் துறையினர் இன்று கேட்கும் கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தீயை அணைத்த பொருள், தீ அணைந்த பிறகு எங்கே போகிறது?

இக்கேள்விக்கு விடை தேடினால் எரிதல், பரப்பு இழுவிசை, சகப்பிணைப்பு, நீர் மாசு, அடுக்குக்குறி எண்கள் எனத் தனித்தனியாக நடத்தும் பாடங்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் இரண்டு அல்லது மூன்று பாடவேளைகளில் நடத்தும் வகையில் கருத்துகளும் செயல்பாடுகளும் கீழே தரப்பட்டுள்ளன. தொடக்கநிலை ஆசிரியர்கள் முதல் இரண்டு செயல்பாடுகளை அப்படியே பயன்படுத்தலாம்.

ஓர் ஆசிரியரின் கண்டுபிடிப்பு

விறகு, காகிதம், துணி எரிந்தால் நீர் ஊற்றி அணைக்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் எரிந்தால் நீர் பயன்படாது. நீரின் அடர்த்தி அதிகம். அது அடியில் போய்விட, எரியும் எண்ணெய் மேலே மிதந்து பரவும். எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த பாக்கு நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் லோரன், இத்தகைய தீயை எவ்வாறு அணைப்பது என்று சிந்தித்தார். எண்ணெயைவிட எடை குறைந்த ஒன்றால் அதன் மேற்பரப்பைப் போர்த்த வேண்டும் என்பதே அவர் கண்ட விடை. சோடியம் பைகார்பனேட்டையும் அலுமினியம் சல்பேட்டையும் நீரில் வினைபுரியச் செய்து, கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய நுரையை உருவாக்கினார். 1904இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

நுரை மூன்று வேலைகளைச் செய்கிறது. எரிபொருளுக்கும் காற்றுக்கும் இடையே திரையாக நிற்கிறது. எரிபொருள் ஆவியாவதைத் தடுக்கிறது. தன்னிடமுள்ள நீரால் குளிர்விக்கிறது. தீ முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் ஒரே பொருள் தாக்குவதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி கேள்விகளை அமைக்கலாம்.

பெட்ரோலின் மேல் நீர் மிதக்குமா?

1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் நிறுவனமும் இணைந்து புதிய வகை நுரையை உருவாக்கின. அதன் சிறப்பு, நுரையிலிருந்து வடியும் நீர்கூடப் பெட்ரோலின் மேல் மெல்லிய படலமாகப் பரவி நிற்பதுதான். 'நீர்ப்படலம் உருவாக்கும் நுரை' என்று இதை அழைக்கலாம். தீயணைப்பான்களின் மேல் ஏ, எஃப், எஃப், எஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படுவது இதுவே.

நீர் எப்படிப் பெட்ரோலின் மேல் நிற்கும்? அடர்த்தி அதிகமான நீர்கூட, மிக மெல்லிய படலமாக இருக்கும்போது பரப்பு இழுவிசையின் விளைவால் மேலே நிலைக்க முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நீர்க்கரைசலின் பரப்பு இழுவிசையும், கரைசலுக்கும் பெட்ரோலுக்கும் இடையிலுள்ள இழுவிசையும் சேர்ந்து, பெட்ரோலின் பரப்பு இழுவிசையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தூய நீரின் மதிப்பு மீட்டருக்குச் சுமார் 72 மில்லி நியூட்டன். பெட்ரோலின் மதிப்பு சுமார் 20 முதல் 22 வரை. சாதாரண சோப்பு, நீரின் மதிப்பை 25 முதல் 30 வரைதான் குறைக்கும். அது போதாது. புளூரின் சேர்ந்த வேதிப்பொருள்களோ அதை 20க்கும் கீழே கொண்டுவந்தன.

இதன் பயன் பெரிது. 1967 ஜூலை 29 அன்று 'ஃபாரஸ்டல்' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்பட்ட எரிபொருள் தீயில் 134 பேர் இறந்தனர். அதன்பின் இந்நுரை கப்பல்களிலும், தொடர்ந்து விமான நிலையங்களிலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் பரவியது. பல உயிர்களைக் காத்த பொருள் இது என்பதை மறைக்காமல் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். அப்போதுதான் அடுத்த பகுதியின் சிக்கல் அவர்களுக்குப் புரியும்.

உடையாத பிணைப்பு

இந்நுரையில் உள்ள புளூரின் சேர்மங்கள், சுருக்கமாக 'பீஃபாஸ்' எனப்படும் பெரும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் கார்பன் சங்கிலியைச் சுற்றி ஹைட்ரஜனுக்குப் பதிலாகப் புளூரின் அணுக்கள் உள்ளன. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 413 கிலோ ஜூல் ஆற்றல் தேவை. கார்பன்–புளூரின் பிணைப்புக்குச் சுமார் 485 கிலோ ஜூல் தேவை. கரிம வேதியியலில் மிக வலிமையான ஒற்றைப் பிணைப்புகளுள் இதுவும் ஒன்று.

தீயின் வெப்பத்தைத் தாங்க இந்த வலிமை உதவியது. தீ அணைந்த பிறகும் அதே வலிமை நீடிக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளால் இப்பிணைப்பை எளிதில் உடைக்க முடிவதில்லை. எனவே நுரை மறைந்தாலும் வேதிப்பொருள் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, குடிநீர் வழியாக உடலுக்குள் சேர்கிறது. 'நிரந்தர வேதிப்பொருள்கள்' என்று இவற்றை அழைப்பது இதனால்தான்.

சுவீடனின் ரொன்னபி நகராட்சியில் நடந்தது இதற்குத் தக்க சான்று. அங்குள்ள விமானப்படைத் தளத்தில் பல ஆண்டுகள் தீயணைப்புப் பயிற்சிக்கு இந்நுரை பயன்பட்டது. 2013 டிசம்பரில் அருகிலிருந்த குடிநீர் நிலையத்தின் நீரில் இச்சேர்மங்கள் மிக அதிக அளவில் இருப்பது தெரிந்தது. நகராட்சியின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு அந்த நிலையமே நீர் வழங்கி வந்தது. உடனே நிலையம் மூடப்பட்டது. இரத்தத்தில் இப்பொருளின் அளவு உயர்ந்திருப்பதே உடலுக்கு நேர்ந்த தீங்குதான் என்று 2023இல் சுவீடன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே நீரைக் கெடுத்தது பெரிய தீ விபத்து அன்று. ஆண்டுக்கணக்கில் நடந்த பயிற்சிகள். இதை மாணவர்கள் கவனிக்கச் செய்யுங்கள்.

3எம் நிறுவனம் இக்குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ் சேர்மத்தின் உற்பத்தியைக் கைவிடுவதாக 2000இல் அறிவித்தது. நிலைத்த கரிம மாசுகள் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2009இல் பிஎஃப்ஓஎஸ், 2019இல் பிஎஃப்ஓஏ ஆகியவை சேர்க்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது.

மாற்று வந்தது, அதுவும் மாற வேண்டியதாயிற்று

தீயணைப்பான்களின் வரலாற்றில் இது முதல் முறை அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு தீயணைப்பான்கள் புகழ்பெற்றிருந்தன. சூடான பரப்பில் படும்போது அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவை உண்டாக்கியது. பின்னர் ஹாலான் வந்தது. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரிந்து, 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் நெறிமுறையின்கீழ், வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்திலிருந்து அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. நுரையிலும் இதே கதைதான். எட்டுக் கார்பன் சங்கிலிக்குப் பதிலாக ஆறு கார்பன் சங்கிலி கொண்ட புளூரின் சேர்மங்கள் பாதுகாப்பானவை என்று முன்வைக்கப்பட்டன. சங்கிலி குறுகினாலும் கார்பன்–புளூரின் பிணைப்பு மாறவில்லை. அவையும் நீரில் நிலைத்து நின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அவற்றுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2025 அக்டோபரில், இக்குடும்பச் சேர்மம் எதுவும் தீயணைப்பு நுரையில் இருப்பதைப் படிப்படியாக நிறுத்தும் விதியை ஏற்றது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இலேயே இப்பாதையைத் தொடங்கியிருந்தது.

இப்போது வரும் புளூரின் இல்லாத நுரைகளில் நீர், சோப்பு போன்ற நுரைப்பான்கள், நுரையை நெடுநேரம் நிலைக்கச் செய்யும் இயற்கைப் பசைகள் முதலியன உள்ளன. இவை பெட்ரோலின் மேல் நீர்ப்படலத்தை உருவாக்குவதில்லை. அடர்ந்த நுரைப் போர்வையை மட்டுமே நம்புகின்றன. எனவே நுரையை மென்மையாகப் படியவிட வேண்டும். எரிபொருளுக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில இடங்களில் கூடுதல் அளவும் தேவைப்படும். பழைய கருவியில் புதிய நுரையை அப்படியே ஊற்றினால், உள்ளே ஒட்டியிருக்கும் பழைய சேர்மம் அதிலும் கலந்துவிடும். கருவியைக் கழுவ வேண்டும். கழுவிய நீரையும் கழிவாகவே கையாள வேண்டும்.

புதிய நுரைகள் சிதையக்கூடியவை. ஆயினும் குளத்தில் மிகுதியாகக் கலந்தால் அவை சிதையும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் பாதிக்கப்படலாம். ஆகவே, இவற்றைத் 'தீங்கற்றவை' என்று சொல்வதைவிடத் 'தீங்கு குறைந்தவை' என்று சொல்வதே பொருத்தம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: மிளகுத்தூள் விலகுகிறது. அகன்ற தட்டில் நீர் ஊற்றி, மிளகுத்தூளைத் தூவுங்கள். நடுவில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டால் தூள் ஓரத்துக்கு விலகும். பரப்பு இழுவிசை குறைந்ததால் நிகழ்ந்தது இது. அடுத்து ஒரு குவளைச் சமையல் எண்ணெயில் சில துளி நீர் விடுங்கள். நீர் அடியில் இறங்கும். 'இந்த நீரை எண்ணெயின் மேல் நிற்க வைக்க என்ன செய்யலாம்?' என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.

செயல்பாடு 2: எந்த நுரை நீடிக்கும்? பூந்திக்கொட்டை, சீயக்காய், சோப்பு, ஷாம்பு ஆகிய நான்கு கரைசல்களையும் ஒரே அளவு பாட்டில்களில் எடுத்து, ஒரே எண்ணிக்கையில் குலுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை நுரையின் உயரத்தை அளந்து வரைபடம் வரையட்டும். புளூரின் இல்லாத நுரைக்கு நீடிப்புத்தன்மை ஏன் உயிர்நாடி என்பது வரைபடத்திலிருந்தே விளங்கும். நெருப்பு மூட்டித் தீயணைப்புச் சோதனை செய்ய வேண்டாம்.

செயல்பாடு 3: ஒரு கிராம் எவ்வளவு? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் குடிநீரில் பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு விதித்த உச்ச அளவு லிட்டருக்கு 4 நானோ கிராம். ஒரு கிராம் என்பது நூறு கோடி நானோ கிராம். அதை 4ஆல் வகுத்தால் 25 கோடி. அதாவது ஒரு கிராம் சேர்மம், 25 கோடி லிட்டர் தூய நீரை அந்த உச்ச அளவுக்குக் கொண்டுவரப் போதுமானது. 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டியை அந்த நீரால் எத்தனை முறை நிரப்பலாம்? ஏறத்தாழ 8,333 முறை. தங்கள் ஊர்த் தொட்டியின் கொள்ளளவைக் கேட்டறிந்து மாணவர்கள் இதையே மீண்டும் கணக்கிடட்டும்.

செயல்பாடு 4: உருளையை வாசிப்போம். மாணவர்கள் குழுவாகச் சென்று பள்ளியின் தீயணைப்பானைத் தொடாமல் வாசித்துக் குறிப்பெடுக்க வேண்டும். உள்ளே இருப்பது என்ன? எந்த வகைத் தீக்கு உரியது? அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் உள்ளதா? கடைசியாக நிரப்பிய நாளும் அடுத்து நிரப்ப வேண்டிய நாளும் எவை? ஏ என்பது விறகு, காகிதம் போன்ற திண்மங்கள். பி என்பது எரியும் திரவங்கள். சி என்பது வாயுக்கள். டி என்பது உலோகங்கள். எஃப் என்பது சமையல் எண்ணெய்.

பள்ளியில் நாம் செய்ய வேண்டியவை

பல பள்ளிகளில் இருப்பது உலர் தூள் வகை. அதன் முக்கியப் பொருள் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். நுரையில் உள்ள சிக்கல் அதற்கு இல்லை. ஆகவே முதலில் உருளையை வாசித்துத் தெளிவு பெறுவோம். நீர்ப்படல நுரை வகை இருந்தால், அடுத்த முறை நிரப்பும்போதோ புதிதாக வாங்கும்போதோ புளூரின் இல்லாத நுரை கிடைக்குமா என்று எழுத்துவழிக் கேட்கலாம். பழைய நுரையைப் பள்ளி வளாகத்திலோ கிணற்றருகிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. நிரப்பித் தரும் நிறுவனம் அதை எங்கே கொண்டு செல்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். ஒத்திகையில் நுரையைப் பீய்ச்சிக் காட்ட வேண்டியதில்லை. நீர் நிரப்பிய உருளை போதும். ஊசியை இழுத்தல், தீயின் அடியைக் குறிவைத்தல், கைப்பிடியை அழுத்துதல், பக்கவாட்டில் வீசுதல் என்ற நான்கு படிகளையும் அதிலேயே பழகலாம்.

ஒன்றில் மட்டும் குழப்பம் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் நம்முடையது. மாற்று உருளை வந்து சேரும்வரை இருப்பதை அகற்றக் கூடாது. உண்மையான தீ ஏற்பட்டால், குழந்தைகளை வெளியேற்றிவிட்டு, கையில் இருக்கும் பொருத்தமான தீயணைப்பானைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். மின்சாரத் தீயில் மட்டும் நீரோ நுரையோ வேண்டாம். முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கான வினாக்கள்

1. தீ முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் நுரை எவ்வாறு தாக்குகிறது?

2. ஒரு பொருளைச் சிறந்த தீயணைப்பானாக்கிய பண்பே அதை மாசாகவும் ஆக்கியது. எவ்வாறு?

3. எட்டுக் கார்பன் சங்கிலியை ஆறாகக் குறைத்தது ஏன் தீர்வாகவில்லை?

4. தீயணைப்புக்கு ஒரு புதிய பொருளைப் பரிந்துரைக்கும் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள். அதை ஏற்பதற்கு முன் எந்த ஐந்து கேள்விகளைக் கேட்பீர்கள்?

நான்காம் வினாவைக் குழு விவாதமாக நடத்தலாம். 'அணைக்குமா?' என்பது எல்லாக் குழுக்களின் பட்டியலிலும் முதலில் வரும். 'அதன் பிறகு என்ன ஆகும்?' என்பதும் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் கடைப்பிடிக்கப்படும் தீயணைப்புச் சேவை வாரத்தையொட்டி, அருகிலுள்ள தீயணைப்பு நிலைய அலுவலரை அழைத்து, மாணவர்கள் தயாரித்த கேள்விகளை அவரிடமே கேட்க வாய்ப்பளிக்கலாம்.