விறகும் தேயிலையும் மலைச்சரிவும்

எரிபொருள் என்றதும் நிலக்கரியையும் பெற்றோலையும் நினைப்பதே மாணவர் வழக்கம். மலைநாட்டில் வாழும் நமக்கோ, அப்பாடத்தைத் தொடங்குவதற்கு விறகினும் ஏற்ற பொருள் வேறில்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக ஏறிவரும் நெடுஞ்சாலை, பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறுகின்றது. மற்றது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. மேலே தேயிலை மலைகள். கீழே செங்குத்தான சரிவுகள். தேயிலைத் தொழிற்சாலையின் உலையில் எரியும் விறகுக்கும் அச்சரிவுகளின் உறுதிக்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விறகில் அடங்கிய வெயில்

இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் சக்தியைப் பற்றிக்கொள்ள, காற்றிலிருந்து பெற்ற காபனீரொட்சைட்டும் வேர் உறிஞ்சிய நீரும் வெல்லமாக மாறுகின்றன, ஒட்சிசன் வெளியேறுகின்றது. இதுவே ஒளித்தொகுப்பு. அவ்வெல்லத்தைக் கொண்டே மரம் தன் தண்டையும் கிளையையும் ஆக்கிக்கொள்கின்றது. விறகு எரியும்போது இச்செயல் தலைகீழாக நிகழ்கின்றது. காபன் ஒட்சிசனுடன் கூடி மீண்டும் காபனீரொட்சைட்டாக, அடங்கியிருந்த சக்தி வெப்பமாய் வெளிப்படுகின்றது.

நிலக்கரியும் பண்டைக் காலத்து வெயிலே. ஆனால் அது உருவாவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் சென்றன. மரமோ சில ஆண்டுகளில் மீண்டும் வளர்வது. ஆதலின் விறகைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்பர். வெட்டிய இடத்தில் மரம் நடப்பட்டாலன்றி அப்பெயர் பொருந்தாது.

2. கொழுந்து தூளாகும் கணக்கு

கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ முக்காற் பங்கும் அதற்கு மேலும் நீரேயாம். வாட்டிய கொழுந்தை உருட்டும்போது கலங்கள் சிதைகின்றன. நொதியங்களின் துணையால் இலைச்சாறு காற்றின் ஒட்சிசனுடன் சேர்ந்து செந்நிறமும் மணமும் பெறுகின்றது. நொதித்தல் என்பது இதற்கு வழங்கும் பெயராயினும், உண்மையில் இது ஒட்சியேற்றமே. உரிய வேளையில் வெப்பக் காற்றைச் செலுத்தி நொதியங்களைச் செயலிழக்கச் செய்து, ஈரத்தை 3 சதவீத அளவுக்குக் குறைப்பதே உலர்த்தலின் பணி.

ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். எனவே மூன்றரைக் கிலோ நீர் நீங்க வேண்டும். கொதிநிலையிலுள்ள நீர் ஒரு கிராம் ஆவியாவதற்கு 540 கலோரி தேவை. அவ்வளவு நீரும் வெப்பத்தாலேயே நீங்குவதாகக் கொண்டாலும், 1,890 கிலோகலோரி போதும். நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 3,500 கிலோகலோரி தரும். ஆகவே அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விறகே கணக்கு.

நடைமுறையிலோ செலவு ஒரு கிலோவையும் தாண்டிவிடுகின்றது. ஏன்? வெப்பத்தின் ஒரு பகுதி புகைபோக்கி வழியே போகின்றது. ஒரு பகுதி உலைச் சுவரினூடே போகின்றது. மற்றொரு காரணம் ஈரவிறகு. புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். ஒரு தொன் பச்சை விறகு வாங்குபவர் அரைத் தொன் நீரையும் விலைகொடுத்து வாங்குகின்றார். அந்நீரை ஆவியாக்கவே விறகின் வெப்பம் செலவாகின்றது. உலை தணிந்து, தகனம் முற்றுப்பெறாமல் கரும்புகை எழுகின்றது. விறகைப் பிளந்து, கூரையின்கீழ்க் காற்றோட்டமாக அடுக்கிச் சில மாதங்கள் உலரவிடின், அதே வேலைக்குக் குறைந்த மரங்களே வெட்டப்படும்.

3. வேரும் மண்ணும்

குறைந்த மரங்கள் வெட்டப்படுவதால் யாது பயன்? மரக்கவிகை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றது. உதிர்ந்த சருகு நீரை உறிஞ்சிச் சிறுகச் சிறுக விடுகின்றது. வேர் மண்ணைப் பிணிக்கின்றது. 1873ஆம் ஆண்டிலேயே 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்குமாறு தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். மரம் வெட்டப்பட்டபின் அதன் வேர் சில ஆண்டுகளில் உக்கிப் பிடிப்பை இழக்கும். புதுக்கன்று அதற்குள் வேரூன்ற வேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் பெருமழையின்பின் மலை சரிந்து லயக் குடியிருப்புகளை மூடியது. பல உயிர்கள் மடிந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. இத்தகைய சரிவுக்குக் காரணம் ஒன்றன்று. சாய்வும், மண்ணின் தன்மையும், நிலத்தடி நீரும் கூடியே அது நிகழும். வேர் எட்டாத ஆழத்தில் வழுக்கும் மண்ணை மரமும் தடுக்கமாட்டாது. ஆதலின் மரம் நடுதலோடு வடிகால்களைத் துப்புரவாக்குதலும் வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே விலகுதலும் வேண்டும்.

4. மாணவர்க்கு ஒரு பரிசோதனை

பச்சை விறகுத்துண்டு ஒன்றை நிறுத்து, கூரையின்கீழ் வைத்து, வாரந்தோறும் நிறையைக் குறித்து வருக. நிறை குறைவது நின்றதும், இழந்த நீரைக் கணக்கிடுக. அதே அளவான மற்றொரு துண்டை மழைபடும் இடத்தில் வைத்து ஒப்பிடுக. அவ்விரு எண்களையும் தோட்ட நிருவாகத்திலுள்ள பழைய மாணவரிடம் காட்டுக. நூறு மேடைப் பேச்சுகளினும் அவ்வெண்கள், விறகுக் கொட்டகைக்குக் கூரை வேயும்படி அவரை விரைந்து தூண்டும்.