கார் ஓடியது, கடிகாரம் பார்க்கவில்லை

நம்மில் பலர் முதல் வருஷத்திலேயே லைன் ஃபாலோயர் ரோபோ செய்து பார்த்திருப்போம். லேபில் டியூப்லைட் வெளிச்சத்தில் சமத்தாக ஓடும். போட்டி அன்னைக்கு வெயில் விழுகிற இடத்தில் வைத்தால் கோட்டை விட்டுட்டு எங்கேயோ போகும். மோட்டாரும் புரோகிராமும் அதேதான். சென்சாருக்குக் கண் கூசிப் போச்சு, அவ்வளவுதான். இதே வியாதி 1938-ல் உலகத்திலேயே வேகமான காருக்கும் வந்தது.

அந்தக் காரை ஓட்டியவர் ஜார்ஜ் ஐஸ்டன், இங்கிலாந்துக்காரர், 1897-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரி. வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் வாங்கினார். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படித்தார். அப்புறம் ரேஸ் ஓட்டிக்கொண்டே 'பவர்பிளஸ்' என்ற சூப்பர்சார்ஜரையும் உருவாக்கினார். 1931-ல் பாரிஸ் பக்கத்தில் மோந்லேரி டிராக்கில், வெறும் 750 சிசி எம்.ஜி. காரில் ஒரு மணி நேரத்தில் 100 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அன்று கார் தீப்பிடித்து, ஓடும்போதே வெளியே குதிக்க வேண்டியதாகிவிட்டது. மனுஷன் அதோடு நிறுத்தவில்லை. கல்நார் உடை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்!

1935-ல் மால்கம் கேம்ப்பெல், அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள போன்வில் உப்புவெளியில் மணிக்கு 301 மைல் தொட்டார். அவர் காரில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் 'ஆர்' என்ற விமான எஞ்சின், ஒன்று. ஐஸ்டன் அதே ரகத்தில் இரண்டைப் போட்டார். ஒவ்வொன்றும் 36.7 லிட்டர். மொத்தம் சுமார் 73 லிட்டர், அதாவது நம்ம 100 சிசி பைக் சுமார் 730-ஐச் சேர்த்த மாதிரி! எடை சுமார் 7 டன். இவ்வளவையும் நாலு டயர் தாங்காது என்பதால் எட்டு சக்கரம்: முன்னாடி இரண்டு அச்சில் நாலு, அவை திரும்பும், பின்னாடி ஒரே அச்சில் இரட்டை இரட்டையாக நாலு, அவை தள்ளும். பெயர் 'தண்டர்போல்ட்', இடி.

சாதனைக்கு ஒரு விதி உண்டு. ஒரு திசையில் போனால் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியைக் காட்டணும். காற்றும் சரிவும் ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் இழுக்கும், கணக்கு ஓரளவு நேராகிவிடும். 1937-ல் முதல் முயற்சியில் கிளட்ச் காலை வாரியது. சரிசெய்து, நவம்பர் 19-ல் 312 மைல்.

1938 ஆகஸ்டில் மறுபடி வந்தார். போகும்போது சுமார் 347 மைல். திரும்பியும் ஓடினார். ஆனால் கடிகாரத்தில் எதுவும் பதிவாகவில்லை!

காரணம் ரொம்ப எளிது. டிராக்கின் ஓரத்தில் ஒளிமின்கலம் இருக்கும். கார் குறுக்கே வரும்போது அதன்மேல் விழும் வெளிச்சம் குறையணும். அந்தக் குறைவுதான் சிக்னல். தண்டர்போல்ட்டின் உடம்போ பளபளவென்று தேய்த்த அலுமினியம். கீழே வெள்ளை உப்பு, மேலே கொளுத்தும் வெயில். கார் மறைத்த வெளிச்சத்துக்குப் பதிலாக அதுவே வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. 7 டன் இரும்பு கடந்து போனது கலத்துக்குத் தெரியவே இல்லை. எஞ்சினுக்கும் டிரைவருக்கும் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் அன்றைய ஓட்டம் கணக்கில் சேராது. எனக்கு இதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

தீர்வு ஒரு டப்பா பெயின்ட். காரின் பக்கவாட்டில் பெரிய கறுப்பு அம்புக்குறி வரைந்தார்கள். ஆகஸ்ட் 27-ல் மீண்டும் ஓடினார்: 345.5 மைல், அதாவது விநாடிக்கு 154 மீட்டர். இந்த முறை கடிகாரம் பார்த்தது. (நம்ம ரோபோவுக்கு வெயில் படாமல் சென்சாரைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டுகிறோமே, அதுவும் இந்த வம்சம்தான்.)

செப்டம்பர் 15-ல் அவருடைய நண்பரும் போட்டியாளருமான ஜான் காப், அதே உப்புவெளியில் 350-ஐத் தாண்டினார். அடுத்த நாளே ஐஸ்டன் 357.5. அது ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. 1939 ஆகஸ்டில் காப் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.

தண்டர்போல்ட் கண்காட்சிக்காக நியூசிலாந்து போய், 1946-ல் வெலிங்டனில் நடந்த தீவிபத்தில் எரிந்துபோனது. எஞ்சின்கள் அதில் இல்லை. அவை இரண்டும் இன்றும் லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.