உறங்கும் கிருமிகள்

காசநோயுற்றார் மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களில் இருமல் தணிந்து உடல் தேறுதல் கண்கூடு. ஆயினும், வழக்கமாக ஆறு மாதகாலம் மருந்தை விடலாகாது என்பர் மருத்துவர். நோய் தணிந்தபின்னும் மருந்து எதற்கு? இவ்வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி கிருமிகளின் உறக்கத்திலே அடங்கியுள்ளது.

1944ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டறிஞர் யோசேப்பு பிகர், சீழ் உண்டாக்கும் பற்றீரியங்களைப் பெனிசிலினில் இட்டு ஆராய்ந்தார். ஏறக்குறையப் பத்து இலட்சத்துக்கு ஒன்றாகச் சில பிழைத்திருந்தன. அவற்றின் வழித்தோன்றல்களோ முன்போலவே பெனிசிலினால் மடிந்தன. எனவே, பிழைத்தவை மருந்தை வெல்லும் ஆற்றலைப் பரம்பரையாகப் பெற்றவையல்ல. மருந்து வந்தபோது வளராது ஓய்ந்திருந்தவையே.

பெனிசிலின், பற்றீரியம் தன் கலச்சுவரைக் கட்டும் தொழிலைக் கெடுப்பது. கட்டடவேலை நடவாத இடத்திற் கொத்தனைத் தடுப்பதனால் யாது பயன்? அனுசேபம் ஒடுங்கிய கலத்தில் மருந்து தாக்குதற்குரிய தொழிலே நிகழ்வதில்லை.

இவற்றை வெல்ல வழிகள் இரண்டு. முதலாவது, உணவூட்டித் தாக்குதல். 2011இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கொலின்சும் அவர்தம் குழுவினரும், உறங்கும் குடற்பற்றீரியங்களுக்கு மனிற்றோல் என்னும் வெல்லமதுசாரத்தை ஊட்டினர். அவை வளரவில்லை, ஆயினும் அவற்றின் சுவாசம் கிளர்ந்தது. அதனாற் கலமென்சவ்வின் இருபுறத்தும் மின்னழுத்த வேறுபாடு மிக, ஜென்ரமைசின் என்னும் மருந்து உள்ளே ஈர்க்கப்பட்டுக் கிருமிகளைக் கொன்றது. எலிகளிலும் இம்முறை பயன்தந்தது. எனினும் பெனிசிலின் இனத்து மருந்துகளுக்கு இத்துணை கிட்டவில்லை. அவற்றுக்கு வளர்ச்சியே வேண்டுமன்றோ!

இரண்டாவது, உறக்கத்திலும் ஒழியாத தொழிலைத் தாக்குதல். உறங்கும் உயிர்க்கும் சிறிதளவு சத்தி வேண்டும். காசக்கிருமியின் சத்தி ஆக்கும் நொதியத்தைத் தடுக்கும் பெடாக்குவிலின், 2012இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன்னரே, வளர்ச்சி குன்றிய கிருமிகளையும் கொல்லவல்ல பிரசினமைட்டுச் சேர்ந்தமையால், ஒன்பது மாதச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கிற்று.

ஆகவே, மருந்தின் வன்மையை மட்டுமன்றிக் கிருமியின் நிலையையும் அறிதல் இன்றியமையாதது. நோயுற்றாரும் இதனை உணர்தல் வேண்டும். உடல் தேறியது கண்டு மருத்துவர் வகுத்த காலத்துக்கு முன்னே மருந்தை நிறுத்துவோர், விழித்திருந்த பகைவரை வென்று, உறங்கும் பகைவரை வீட்டினுள்ளே விட்டுவிடுகின்றனர்.